வாசலில் கழற்றிய கால்

செயற்கைக் கால் ஒன்றை அதற்குரியவரிடம் கையளிக்கும் நாளில் நீங்கள் நிரப்புகின்ற படிவத்தின் அடியில் ‘ஃபிற்’ (fit) என்றோர் ஆங்கிலச் சொல் இருக்கிறது. அதற்கு எதிரே மூன்று பெட்டிகள்: நன்று, போதுமானது, போதாது. அதற்கும் கீழே, பின்னால் நெருக்கிச் செருகியது தெரியும்படியாக, ‘வெறுங்காலில்’ என்று இன்னொரு வரி. அந்தக் கடைசி வரி ஏன் அங்கே நிற்கிறது என்று இங்கே தொழில் பழக வந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற வாரம் என்னைக் கேட்டார். எந்தப் பாடநூலும் அதைத் தரவில்லை. கோப்பாயில் வெங்காயத் தோட்டம் செய்யும் ஒரு பெண் தந்தது அது. நான் செய்த பிழையிலிருந்து வந்தது.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் நீண்ட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அளவாக இருப்பது, தகுதியாக இருப்பது, உடல்நலத்தோடு இருப்பது, ஒரு பகுதி இன்னொரு பகுதியில் சரியாக அமர்வது. தமிழில் ‘பொருத்தம்’ என்று எழுதியிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைக் கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கும் சாத்திரியார்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே எங்கள் வேலைத்தளத்தில் ஆங்கிலச் சொல்லே நிலைத்தது, அதுவும் ஒரே பொருளோடு: துண்டிக்கப்பட்ட காலின் எஞ்சிய பகுதியும், அது நுழைகின்ற கிண்ணமும் நோவில்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் அந்த ஒரே பொருளில்தான் பெட்டிகளில் சரி அடையாளம் இட்டுவந்தேன்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் குளிர்நாடு ஒன்றிலிருந்து வந்தவர். பொறுமைசாலி. எங்கள் வெயிலில் சிவந்து கன்றிப்போன முகத்தோடு, ஒருநாளும் குரல் உயர்த்தாமல் எட்டு மாதம் கற்பித்தார். அவருடைய முதல் விதி, சப்பாத்தை முதலில் கேள் என்பது. சப்பாத்தின் குதி எவ்வளவு உயரமோ அதற்கு ஏற்பத்தான் காலின் சாய்வை அமைக்க வேண்டும். சப்பாத்து இல்லாமல் காலைச் சீர்செய்வது, அடித்தளம் இல்லாமல் வீடு கட்டுவதற்குச் சமம் என்றார். அவர் பிறந்த நாட்டில் மனிதர்கள் சப்பாத்தோடு படுக்கையறை வரை போவார்கள் என்பதை நான் அறிந்திருந்தேன். அந்த அறிவையும் அவருடைய விதியையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நல்ல ஆசிரியர்களிடம் கற்பதில் உள்ள ஆபத்து இது. அவர்களின் அன்பையும் விதியையும் ஒரே பொட்டலமாக வாங்கிக்கொள்கிறோம்.

திலகவதி என்று அவரை அழைப்பேன். நாற்பதை அண்டிய வயது. கணவர் இறந்துவிட்டார், பள்ளிக்குப் போகும் ஒரு மகள். சைக்கிளில் மாட்டுக்குப் புல் கட்டிவரும்போது மணல் ஏற்றிய டிப்பர் மோதி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. குறைக்கால் நன்றாக ஆறியிருந்தது. அப்போது எங்கள் நிலையத்துக்கு வெளிநாட்டு உதவியாகப் புதுவகைப் பாதங்கள் வந்திருந்தன. மெலிந்தவை, இலேசானவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடிச் சப்பாத்து. நான் மிகுந்த கவனத்தோடு அவருக்குக் கால் செய்தேன். சிமெந்துத் தரையில், இரு கம்பிகளுக்கு நடுவே, மூன்றாம் நாளே கைவிட்டு நடந்தார். கிண்ணம் எங்கும் உரசவில்லை. நான் ‘நன்று’ என்ற பெட்டியில் சரி இட்டேன்.

கையெழுத்து வைக்கும் நேரத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“மிஸ், வீட்டுக்குள்ளை போகேக்கை?”

“உள்ளுக்கும் சப்பாத்தோடைதான் நடக்கவேணும். கழட்டப்படாது” என்றேன்.

“ஓம்” என்றார்.

பிள்ளைகளே, இந்த ‘ஓம்’ என்ற சொல்லைப் பற்றி உங்களிடம் தனியே ஒருநாள் பேச வேண்டும். எங்கள் மக்கள் கற்றவர்முன் சொல்கின்ற ஓம், பெரும்பாலும் உடன்பாடு அன்று, மரியாதை. “நீங்கள் சொல்லி முடித்துவிட்டீர்கள், நான் போகலாமா” என்பதுதான் அதன் பொருள். அவருடைய கேள்வியில் எனக்கு வேண்டிய அனைத்தும் இருந்தது. நான் அதைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை. அதற்கு விடை சொன்னேன்.

ஆறு வாரங்களின் பின் கோப்பாய்க்கு வேறொரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும் வழியில் அவருடைய வீடு. படலையைத் திறந்து உள்ளே போனேன். வாசற்படியில் செருப்புகள் வரிசையாக இருந்தன: மகளின் ஒரு சோடி, ஆண்களின் பெரிய றப்பர் செருப்பு ஒரு சோடி, அதன் அருகே சுவரில் சாய்த்தபடி நான் செய்த கால். சப்பாத்து அணிந்து, நாடா ஒழுங்காகக் கட்டி, மண் துடைத்து, மற்றச் செருப்புகளைப் போலவே மூக்கு வெளிப்பக்கம் பார்க்க வைக்கப்பட்டிருந்தது.

“வாங்கோ மிஸ்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் குசினித் தரையில் அமர்ந்திருந்தார். ஒரு தாழ்ந்த மணைப்பலகையைத் தள்ளித் தள்ளி அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தார். ஆறு வாரமாக அப்படித்தான். நான் கேட்கும் முன் அவரே சொன்னார், குரலில் ஒரு குற்ற உணர்வுமில்லாமல்.

“சாமிப்படம் இருக்கிற இடமும் சமைக்கிற இடமும் ஒண்டாய்த்தான் கிடக்கு. றோட்டிலை மிதிச்ச சப்பாத்தோடை நான் எங்கை மிஸ் ஏறுறது? கழட்டிப்போட்டு நடந்து பார்த்தன். பின்னாலை ஆரோ சட்டையைப் பிடிச்சு இழுக்கிறமாதிரிக் கிடந்தது. மல்லாந்து விழுந்தன். சோத்துப்பானையும் போச்சுது. அதாலை, முழுசாய்க் கழட்டிப்போட்டு வாறன்.”

எனக்கு உடனே விளங்கியது. சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்றபடி சாய்த்த கால், சப்பாத்தைக் கழற்றியதும் குதி தாழ்ந்து பின்னோக்கிச் சாய்கிறது. முழங்காலையும் கூடவே பின்னே தள்ளுகிறது. பாடநூலில் இதற்கு ஒரு பந்தி உண்டு. ஆனால் அந்தக் கணத்தில் எனக்குப் பாடநூல் நினைவுக்கு வரவில்லை. குனிந்து பார்த்தேன். நான் வெறுங்காலோடு அவருடைய குளிர்ந்த சிமெந்துத் தரையில் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் என் செருப்பை எப்போது கழற்றினேன் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவரிடம் கழற்ற வேண்டாம் என்று சொன்ன நான்.

“நிலையத்திலையிருந்து ஒருதரும் விசாரிக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“ஏன் இல்லை? போன் எடுத்து, சப்பாத்துப் போட்டு நடக்கிறியளோ எண்டு கேட்டவை. ஓம் எண்டு சொன்னனான்” என்றார். பிறகு சற்றுச் சிரித்தார். “பொய் இல்லையே மிஸ். நடக்கேக்கை போட்டுக்கொண்டுதானே நடக்கிறன்.”

பெரிய றப்பர் செருப்பின் சொந்தக்காரர் அப்போது கிணற்றடியிலிருந்து வந்தார். அவருடைய மூத்த சகோதரர். கெட்ட மனிதர் அல்லர். தங்கையின் வீட்டுக்கு விறகும் தண்ணீரும் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் தோட்டம் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். திலகவதியின் சீதனக் காணி நான்கு பரப்பு, சிவந்த மண், நல்ல கிணறு. அதை அயலவர் ஒருவருக்கு வாழை வைக்கக் கொடுத்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். வாழை வைத்தால் மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் காணி திரும்பாது. திலகவதி மறுத்துக்கொண்டிருந்தார். இறுதியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தனர். வெங்காய நடுகைக்கு இன்னும் ஐந்து வாரம். நட்டபின் முதல் இறைப்பில் திலகவதி தாமே தண்ணீர் மாற வேண்டும். முடிந்தால் தோட்டம் அவரிடமே இருக்கும். முடியாவிட்டால் வாழை.

தண்ணீர் மாறுவதென்றால் என்னவென்று நகரத்திலிருந்து வந்த உங்களுக்காகச் சொல்கிறேன். இயந்திரம் கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் வாய்க்கால் வழியே ஓடிவரும். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயைச் சேற்றால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிட வேண்டும். கையில் மண்வெட்டி இருக்கும். ஆனால் பாதி வேலையைச் செய்வது கால். தாமதித்தால் வரம்பு உடையும், நட்ட வெங்காயம் மிதக்கும். அந்தத் தரையில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை.

சகோதரர் என்னிடம் தாழ்ந்த குரலில், இவளுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் நம்பிக்கை எதுவும் கொடுக்கவில்லை. திலகவதியிடம், பிழை என்னுடையது என்று மட்டும் சொன்னேன். அவர், “அப்ப திருத்துங்கோவன்” என்றார்.

மறுநாள் நிலையத்தில் எனக்கு ஒரு செய்தி காத்திருந்தது. உதவி வழங்கியவர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். புதுப் பாதங்களோடு ஐந்து பேர் மேடையில் நடந்து காட்டுவார்கள். ஐவரில் முதலாமவர் திலகவதி. அவருடைய படிவத்தில் எல்லாம் ‘நன்று’ என்றிருந்தபடியால் தெரிவாகியிருந்தார்.

நான் அந்தப் படிவத்தை எடுத்தேன். நான் இட்ட சரி அடையாளத்தைக் குறுக்கே வெட்டினேன். ‘போதாது’ என்ற பெட்டியில் சரி இட்டு, “சப்பாத்துடன் மட்டுமே நிற்கிறது, இவருடைய வீட்டிலும் தோட்டத்திலும் பயன்படாது, அளவெடுத்தவரின் பிழை” என்று எழுதிக் கையெழுத்தும் திகதியும் வைத்தேன். அதை நிலைய முகாமையாளரின் மேசைக்கு நானே கொண்டுபோனேன்.

அவர் என்னைவிட இருபது வயது இளையவர், கெட்டிக்காரர், நிலையத்தை வளர்க்க வேண்டும் என்ற உண்மையான அக்கறை உள்ளவர். முதலில் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். கால் பிழையில்லை, பழக்கந்தான் பிழை என்றார். பழக்கத்தை மாற்றலாம், வீட்டுக்குள் அணிய ஒரு தனிச் சோடி சப்பாத்துக் கொடுக்கலாம் என்றார். நிகழ்ச்சி முடிந்தபின் ஆறுதலாகப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னவற்றுள் ஒன்று நியாயமானது, தனிச் சோடிச் சப்பாத்து. வேறொருவருக்கு அது போதும். பின்னாளில் நானே சிலருக்கு அதைப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் வெங்காயத் தரைக்கு எந்தச் சோடியைக் கொடுப்பது?

“அக்கா, ஒரு சரி அடையாளந்தானே. இதுக்கேன் இவ்வளவு கதை?” என்றார் கடைசியில்.

“நாங்கள் மாத்தவேண்டியது காலை, தம்பி. அவவின்ரை வீட்டை இல்லை” என்றேன்.

மேடையில் வேறொருவர் நடந்தார். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை என்னை அளவெடுக்கும் அறையிலிருந்து களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். காரணம் எழுதப்படவில்லை, களஞ்சியத்தை ஒழுங்குபடுத்த அனுபவசாலி ஒருவர் தேவை என்று மட்டும் சொல்லப்பட்டது. அரியாலையிலிருந்து தினமும் சைக்கிளில் வரும் ஜெயசீலன் அப்போது எங்கள் வேலைத்தளத்தின் சிறந்த கைவேலைக்காரர். அவர் களஞ்சியக் கதவில் சாய்ந்துகொண்டு, “அக்காவுக்குப் பதவி உயர்வாம். இனி ஆணி வேணுமெண்டாலும் அக்காவைத்தான் கும்பிடவேணும்” என்றார். நான் சிரித்தேன். உள்ளே எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டுகள் மனிதரின் காலைத் தொட்டுச் செய்த வேலையை விட்டு, பெட்டிகளுக்கு நடுவே கதிரை போட்டு உட்காருவது எவ்வளவு கூசவைக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

அங்கேதான், பின்சுவரோடு அடுக்கிய மரப்பெட்டிகளில், பழைய றப்பர்ப் பாதங்கள் இருந்தன. விரல்கள் வார்த்த, தட்டையான, நீருக்கு அஞ்சாத பாதங்கள். வெறுங்காலில் நடக்கவென்றே செய்யப்பட்டவை. பாரமானவை, அழகற்றவை என்று சில ஆண்டுகளுக்கு முன் அவற்றைக் கைவிட்டிருந்தோம். கைவிடலாம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திலகவதிக்காக அந்தப் பாதங்களில் ஒன்றை நான் களவாக எடுக்கவில்லை. அப்படி எடுத்திருந்தால் கால் கிடைத்திருக்கும். ஆனால் அடுத்தவருக்கும் யாரோ களவாகத்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கும். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். இன்னாருக்கு, இன்ன காரணத்துக்காக, இந்தப் பாதத்தைப் பொருத்தப் போகிறேன். மதிய இடைவேளையில் செய்வேன். நிறுத்த வேண்டுமானால் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கவும். முகாமையாளரின் கையில் கொடுத்தேன். அவர் வாசித்தார், என்னைப் பார்த்தார், இழுப்பறையில் வைத்தார். எழுத்தில் எதுவும் வரவில்லை. சரியான வேலையை வாயால் தடுப்பதற்குப் பலர் இருப்பார்கள். அதே தடையைக் காரணத்தோடு எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னால், பெரும்பாலானோர் பேனையைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

ஜெயசீலன் தன் சாப்பாட்டுப் பார்சலை மூடிவைத்துவிட்டு என்னோடு சேர்ந்தார். நான் கேட்டது கால் வேலை மட்டுமன்று. வேலைத்தளத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில், மூன்று பாத்தி கட்டித்தரும்படியும் கேட்டேன். “கால் செய்ய வந்தனானோ தோட்டம் செய்ய வந்தனானோ தெரியேல்லை” என்று முணுமுணுத்துக்கொண்டே கொத்தினார். சிமெந்துத் தரையில் சரியாக நிற்கும் கால், சேற்றில் எப்படி நிற்கும் என்பதை எங்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது, உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

திலகவதியை வரவழைத்துச் செய்த முதல் முயற்சி தோற்றது. குதி சேற்றில் புதைந்து, இழுக்கும்போது கிண்ணமே குறைக்காலிலிருந்து கழன்றது. திலகவதி சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, தானே மண்வெட்டிப் பிடியை ஊன்றி எழுந்தார். அன்று மாலை முழுவதும் எனக்கு அவருடைய சகோதரரின் தாழ்ந்த குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சொன்னதே சரியோ என்ற ஐயம் வந்தது. இரண்டாம் முறை தொடைக்கு ஒரு வார் சேர்த்தோம். குதியைச் செதுக்கிச் சாய்வை மாற்றினோம். நடுகைக்கு எட்டு நாள் இருக்கையில் அவர் மூன்று பாத்தியும் சுற்றிவந்தார்.

அழகான நடை என்று சொல்லமாட்டேன். கால் பாரமாயிருந்தது. தெருவில் முன்னைய காலைவிட மெதுவாகவே நடந்தார், கொஞ்சம் நொண்டினார். இலேசான பாதத்தை இழக்கிறார் என்பதை மறைக்காமல் எடுத்துச் சொன்னேன். விரும்பினால் தெருவுக்கு அதையும் வைத்திருக்கலாம் என்றேன்.

“றோட்டிலை என்னை ஆர் மிஸ் துரத்துறது?” என்றார்.

படிவத்தில் அன்று நான் எழுத ஓரிடமும் இருக்கவில்லை. ஆகவே கோடு போட்டு, ‘வெறுங்காலில்’ என்று கையால் ஒரு வரி சேர்த்து, ‘போதுமானது’ என்று எழுதினேன். ‘நன்று’ என்று எழுத மனம் வரவில்லை. ஓராண்டுக்குப் பின் அந்த வரி அச்சில் வந்தது. யார் சேர்த்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முகாமையாளர்தான் என்று நான் நினைக்கிறேன். அளவெடுக்கும் அறைக்கு நான் திரும்ப அதற்கும் பிறகு மூன்று மாதம் சென்றது.

நட்டபின் முதல் இறைப்பு நாள் காலையில் நான் லீவு எடுத்துக்கொண்டு கோப்பாய்க்குப் போனேன். என்னை யாரும் அழைக்கவில்லை. வரம்பின் ஓரத்தில், இடைஞ்சல் இல்லாத இடத்தில் நின்றேன். இயந்திரம் இரைந்தது. சிவந்த மண்ணில் வாய்க்கால் நிறைந்து வந்தது. திலகவதி பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு முதற் பாத்தியின் வாயில் நின்றார். சகோதரர் இரண்டடி தள்ளி, தானும் ஒரு மண்வெட்டியோடு, பாயத் தயாராக நின்றார்.

முதல் இரண்டு பாத்தி ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் தண்ணீர் வேகமாகத் திரும்பியது. வாயை அடைத்த மண் கரைந்தது. அவர் நான் செய்த காலில் முழுப் பாரத்தையும் போட்டு நின்றுகொண்டு, தன் சொந்தக் காலால் சேற்றை இழுத்து அணைத்தார். ஒருமுறை உடல் ஆடியது. என் கைகள் தாமாக முன்னே நீண்டன. நான் அவற்றைப் பின்னே கட்டிக்கொண்டேன். அந்தப் பாத்தியின் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்கு வெங்காயம் சரிந்தது. மற்றது தப்பியது.

“போதும் பிள்ளை, விடு. மிச்சத்தை நான் பார்க்கிறன்” என்று சகோதரர் இறங்க வந்தார்.

திலகவதி நிமிரவில்லை. நான்காம் பாத்தியின் வாயை வெட்டிக்கொண்டே சொன்னார்:

“நீங்கள் மெசினடிக்குப் போங்கோ அண்ணை. தண்ணியைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ. இஞ்சை நான் நிக்கிறன்.”

சகோதரர் மண்வெட்டியை வரம்பில் வைத்துவிட்டு, கிணற்றடிக்கு நடந்தார்.